நர்சிங் மாணவர்கள் எந்த வயது நோயாளியை விரும்புகிறோம், எந்த வயதைத் தட்டிக்கழிக்கிறோம்?

#1 வெள்ளைக்காலணி (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். ஆராய்ச்சிப் பாடத்துக்காக எங்கள் குழு ஒரு சின்ன ஆய்வு செய்ய வேண்டும். 'வெவ்வேறு வயது நோயாளிகள் மீது நர்சிங் மாணவர்களின் மனப்பான்மை' என்று தலைப்பு எடுத்திருக்கிறோம். கேள்வித்தாள் தயாரிக்க உட்கார்ந்தபோதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தாளைக் கொடுத்தால் எல்லாரும் 'முதியோரை மதிக்கிறேன், குழந்தைகள் என்றால் உயிர்' என்றுதான் எழுதப் போகிறார்கள்.

வார்டில் நடப்பது வேறு. காலையில் மேடம் யாருக்கு எந்த நோயாளி என்று பட்டியலைப் படித்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பியதும் பண்டமாற்று ஆரம்பித்துவிடும். "என் கட்டிலை நீ எடுத்துக்கோ, உன் கேர் பிளானை (நோயாளிக்கான பராமரிப்புத் திட்டம்) நான் எழுதித் தர்றேன்." இப்படிக் கைமாறுகிறவர் பெரும்பாலும் எண்பது வயதுக்காரர், டயபர் போட்டவர், காது மந்தமானவர். அடுத்தபடியாகக் கைமாறுவது, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுத்திருக்கும் பதினாறு வயதுப் பையன்.

உங்களுக்கு எந்த வயது நோயாளி என்றால் நிம்மதி, எந்த வயது என்றால் தயக்கம்? ஏன்? இங்கே யாருக்கும் யார் முகமும் தெரியாது, அதனால் விவாவில் (வாய்மொழித் தேர்வில்) சொல்லும் பதில் வேண்டாம்.

#2 கடைசிபெஞ்ச்

நேர்மையாகவா? சரி. எனக்குக் குழந்தைகள் வார்டு என்றால் வயிற்றைக் கலக்கும். முதலாண்டில் பாதி வகுப்பு "பீடியாட்ரிக்ஸ்தான் என் கனவு" என்று சொல்லும். அங்கே போய்ப் பார்த்தால்தான் தெரியும். ஒவ்வொரு மருந்தும் கிலோவுக்கு இவ்வளவு மில்லிகிராம் என்று கணக்குப் போட வேண்டும், ஒரு தசமப் புள்ளி நகர்ந்தால் பத்து மடங்கு. ஊசி ஏற்றும் ரத்தக்குழாய் நூல் மாதிரி இருக்கும். குழந்தையின் அம்மா நம் முகத்தைப் பார்க்க மாட்டார், நம் விரல் நடுங்குகிறதா என்று கையைத்தான் பார்ப்பார்.

தாத்தாக்கள் தேவலை. அவர் பாட்டுக்குக் கதை சொல்வார், நான் பாட்டுக்கு பிபி பார்த்துக்கொண்டிருப்பேன்.

#3 ஐசியூ_ஆந்தை

மாணவப் பருவம் முடிந்து வேலைக்கு வந்தவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். முதியவர்களை யாரும் வெறுப்பதில்லை, அவர்களோடு வரும் வேலையைக் கண்டுதான் ஓடுகிறோம். தானாகப் புரள முடியாதவர் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், தோலைப் பார்க்க வேண்டும், ஊட்டிவிட வேண்டும், புரையேறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், நடுவில் படுக்கை நனைந்தால் மறுபடி முதலிலிருந்து. இதை இரண்டு பேர் சேர்ந்து செய்ய வேண்டும். வார்டில் அந்த இரண்டாவது ஆள் எங்கே?

ஆள் போதுமான இடத்தில் ஒரு மாணவியை விட்டுப் பாருங்கள், அதே பாட்டியிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பாள். இடுப்பு வலியைப் போய் மனப்பான்மை என்று பெயர் வைத்து அளக்காதீர்கள்.

#4 பயிற்றுநர்

முதலில் கடைசிபெஞ்ச் தம்பிக்கு. நோயாளி பேசிக்கொண்டிருக்கும்போது பிபி பார்க்கக் கூடாது, அளவு ஏறித் தெரியும். முதலில் கதையைக் கேட்டு முடியுங்கள், பிறகு சில நிமிடம் அமைதியாக உட்கார வைத்துப் பாருங்கள். உங்கள் தாத்தாக்களில் எத்தனை பேருக்கு வீணாக ரத்தக்கொதிப்பு எழுதப்பட்டதோ!

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளைக்காலணி, உங்கள் சந்தேகம் நியாயமானது. இந்தத் துறையில் அதிகம் புழங்கும் அளவுகோல் நேதன் கோகன் 1961-ல் வெளியிட்டது. முதியவர்களைப் பற்றி 34 வாக்கியங்கள், பாதி நல்லதாக, பாதி கெட்டதாக, ஜோடி ஜோடியாக இருக்கும். ஒவ்வொன்றையும் எவ்வளவு ஒத்துக்கொள்கிறோம் என்று குறிக்க வேண்டும். வயதின் பேரால் பாகுபாடு காட்டுவதற்கு ராபர்ட் பட்லர் என்ற மனநல மருத்துவர் 'ஏஜிஸம்' என்று பெயர் வைத்தது 1969-ல், அதற்கும் பிறகுதான். 1977-ல் பால்மோர் 25 சரி-தவறுக் கேள்விகளோடு ஒரு வினாத்தாள் கொண்டுவந்தார். அது பார்ப்பது முதுமையைப் பற்றி நமக்கு என்ன தெரியும் என்பதை, நம் மனப்பான்மையை நேரடியாக அல்ல. பல மாணவர் ஆய்வுகளில் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். விஷயம் தெரிந்தவர் பட்சமில்லாமல் இருப்பார் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. 1990-ல் வந்த ஃப்ரபோனி அளவுகோலில் 29 வாக்கியங்கள் உண்டு. முதியவர்களை விட்டு விலகிப் போகும் போக்கையும் அது கேட்கிறது, அந்த அளவில் உங்கள் பண்டமாற்றுக்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும்.

ஆனால் இவை எல்லாமே முதியவர்களைப் பற்றியவை. நீங்கள் 'வெவ்வேறு வயது' என்று தலைப்பு வைத்திருக்கிறீர்கள். பதின்வயதினரையும் நடுவயதினரையும் இதில் எப்படி அளப்பீர்கள்?

#5 வெள்ளைக்காலணி

நன்றி மேடம். அதுதான் எங்கள் தலைவலியே. குழுவில் ஒருத்தி, 'முதியவர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'பதின்வயதினர்' என்று போட்டுக்கொள்ளலாம் என்கிறாள். எனக்கு அது சரியாகப் படவில்லை.

#6 பயிற்றுநர்

சரியில்லைதான். ஓர் அளவுகோலை எந்த வயதினருக்காகச் சோதித்தார்களோ அவர்களுக்குத்தான் அது செல்லும். சொல்லை மாற்றினால் புது அளவுகோல் ஆகிவிடும். பிறகு அதன் நம்பகத்தன்மையை முதலிலிருந்து நீங்கள்தான் நிறுவ வேண்டும்.

#7 லாக்புக்_வீரன்

எல்லாரும் பெரிய பெரிய காரணம் சொல்கிறீர்கள். எங்கள் பேட்ச்சில் நோயாளியைத் தேர்ந்தெடுப்பது லாக் புக், அதாவது செய்து பழகிய வேலைகளைக் குறிக்கும் பயிற்சிப் பதிவேடு. இத்தனை கதீட்டர் (சிறுநீர்க் குழாய்), இத்தனை ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியாக வயிற்றுக்குப் போடும் குழாய்), இத்தனை டிரெஸ்ஸிங் என்று கையெழுத்து வாங்கியாக வேண்டும். எந்தக் கட்டிலில் எது கிடைக்குமோ அங்கே கூட்டம். வயதான ஒருவருக்கு கதீட்டர் போட வேண்டும் என்றால் சுற்றி ஏழெட்டுத் தலை. போட்டு முடித்து, கையெழுத்தும் வாங்கிவிட்டால் தண்ணீர் கேட்கக்கூட ஆள் இருக்காது.

குழந்தைகள் வார்டில் மாணவர்களைத் தொடவே விட மாட்டார்கள், அதனால் அங்கே பேச்சும் விளையாட்டும்தான். பிறகு "குழந்தைகள் பிடிக்கும்" என்று எழுதாமல் என்ன செய்வோம்?

#8 ஐசியூ_ஆந்தை

வீரன், நீங்கள் சொன்னது என் காரணத்தை விட நல்ல காரணம். 'நெற்றியைத் துடைத்துவிட்டேன், பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்தேன்' என்பதற்கு லாக் புக்கில் கட்டம் கிடையாது.

#9 நாற்பதில்_நர்சிங்

நீங்கள் எல்லாரும் நோயாளியின் வயதைப் பேசுகிறீர்கள், நான் மாணவரின் வயதைக் கொஞ்சம் பேசட்டுமா? எனக்கு 41. பிள்ளைகள் வளர்ந்த பிறகு படிக்க வந்தேன். வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் பெண் என் மகளை விட ஒரு வயது சின்னவள்.

வார்டுக்குள் நுழைந்தால் நோயாளியின் உறவினர்கள் நேராக என்னிடம் வருவார்கள், நான்தான் பொறுப்பு சிஸ்டர் என்று நினைத்து. மாணவி என்று சொன்னால் நம்ப மாட்டார்கள், நம்பினால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். வகுப்பிலோ நேர் எதிர். கணினியில் பதிவு போடும் வேலை வந்தால் கேட்காமலே என் கையிலிருந்து மவுஸை வாங்கிவிடுவார்கள். பன்னிரண்டு வருஷம் கணக்குப் பிரிவில் கணினி முன்னாலேயே உட்கார்ந்திருந்தவள் நான்.

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்வேன். எந்த வார்டானாலும், பிடிவாதமான வயதான நோயாளி என்றால் என் பெயர்தான் வருகிறது. "அக்காவுக்குத்தான் பொறுமை ஜாஸ்தி." ஏன், அவசரப் பிரிவுக்குப் பொறுமை வேண்டாமா? எனக்கு அங்கேதான் போகப் பிடிக்கும், இதுவரை யாரும் கேட்டதில்லை.

#10 கடைசிபெஞ்ச்

அக்கா, எங்கள் பேட்ச்சிலும் ஒரு அக்கா இருக்கிறார். டிரிப் வேகக் கணக்கை மனசிலேயே போட்டுச் சொல்லிவிடுவார், நாங்கள் போனைத் தேடிக்கொண்டிருப்போம். குழு வேலைக்கு அவருக்குச் சண்டையே நடக்கும்.

#11 நாற்பதில்_நர்சிங்

சண்டை நடப்பது கணக்குக்காகவா, உங்கள் பங்கையும் அவரே முடித்துவிடுவார் என்பதற்காகவா தம்பி?

#12 கடைசிபெஞ்ச்

இந்தக் கேள்விக்கு வக்கீலைக் கேட்டுத்தான் பதில் சொல்வேன்.

#13 குட்டிசிஸ்டர்

இளசாக இருப்பதும் சுகமில்லை அக்கா. எனக்கு 19 வயது, பார்த்தால் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருப்பேன். ஊசி டிரேயோடு போனால், "பெரிய நர்ஸ் யாரும் இல்லையாம்மா?" என்று கேட்பார்கள். டியூட்டி சிஸ்டர் வந்து அதே ஊசியை அதே இடத்தில் போட்டால் "வலிக்கவே இல்லை" என்று பாராட்டு.

உலக சுகாதார அமைப்பு 2021 மார்ச்சில் வயதுப் பாகுபாடு பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. உலகில் இரண்டு பேரில் ஒருவருக்கு முதியோர் மீது பாகுபாடான எண்ணம் இருக்கிறது என்ற வரியை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே அறிக்கையில், ஐரோப்பாவில் மற்ற வயதினரை விட இளைஞர்கள்தான் வயதின் பேரால் அதிகம் பாகுபாட்டுக்கு ஆளாவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்றும் இருக்கிறது. அதை யாரும் வகுப்பில் சொல்வதில்லை.

#14 பொம்மைவார்டு

குழந்தைகள் பிரிவில் வேலை செய்கிறேன். 'குழந்தைகள் என்றால் உயிர்' என்பதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிடித்திருந்தால் நன்றாகக் கவனிப்போம் என்று எல்லாரும் எடுத்துக்கொள்கிறோம். மருத்துவ வரலாறு அப்படிச் சொல்லவில்லை. பச்சிளங்குழந்தைகளைப் பிடிக்காதவர் எவருமில்லை. ஆனால் 1980-கள் வரைக்கும் பல இடங்களில் அவர்களுக்கு மயக்க மருந்து மிகக் குறைவாகக் கொடுத்தோ, அசையாமல் இருக்கத் தசையைத் தளர்த்தும் மருந்தை மட்டும் பிரதானமாக நம்பியோ அறுவை சிகிச்சை செய்தார்கள். நரம்பு மண்டலம் முழுசாக வளரவில்லை, வலி தெரியாது, தெரிந்தாலும் நினைவிருக்காது என்று ஒரு நம்பிக்கை. மயக்க மருந்தே ஆபத்து என்ற பயமும் இருந்தது. 1987-ல் ஆனந்த், ஹிக்கி என்ற இருவர் எழுதிய கட்டுரை இந்த நம்பிக்கையை ஆதாரத்தோடு உடைத்தது. அந்தக் குழந்தைகளை அறுத்தவர்களும் பராமரித்த நர்சுகளும் கல்நெஞ்சக்காரர்கள் கிடையாது. கொஞ்சியிருப்பார்கள், தாலாட்டியிருப்பார்கள். 'இந்த வயதுக்கு இது தெரியாது' என்று ஒரு முடிவு முன்னாலேயே இருந்தது, அவ்வளவுதான்.

இன்றைக்கும் என் வார்டில் ஐந்து வயதுக் குழந்தையிடம் "வலிக்கவே வலிக்காது" என்று சொல்லிவிட்டு ஊசி போடும் மாணவிகளைப் பார்க்கிறேன். பாசத்தில் சொல்கிற பொய்தான். அடுத்த தடவை வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். "சுருக்குனு இருக்கும், நீ அஞ்சு எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிடும், எந்தக் கையில போடலாம்னு நீ சொல்லு" என்றால் அழுதாலும் கையை நீட்டும்.

பதின்வயதினரைப் பற்றி யாரோ சொல்லியிருந்தீர்கள், சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் பையன். அவனுக்குக் குழந்தைகள் வார்டில் பொம்மைப் படம் போட்ட போர்வை, பெரியவர்கள் வார்டில் நடுவில் ஒரு கட்டில். எங்கேயும் அவனுக்கு இடமில்லை. கேள்வியெல்லாம் அம்மாவிடம் கேட்போம், அவன் வாயைத் திறக்கவில்லை என்றால் "திமிர்" என்று ஷிஃப்ட் மாறும்போது சொல்லிவிட்டுப் போவோம். பதின்வயதினரிடம் பேசுவதற்கு ஹெட்ஸ் என்று ஒரு நேர்காணல் முறையே இருக்கிறது. வீடு, படிப்பு, பொழுதுபோக்கு, போதைப் பழக்கம், பாலியல், தற்கொலை எண்ணம் என்று எளிதானதில் ஆரம்பித்துக் கடினமானதற்குப் போகும். அதற்கு முதல் தேவை, அம்மா அப்பாவைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொல்வது. சொல்வதில் எதை ரகசியமாக வைப்போம், உயிருக்கு ஆபத்து என்றால் எதை வைக்க முடியாது என்பதை முதலிலேயே அவனிடம் சொல்லிவிட வேண்டும்.

#15 மென்பேச்சு

நல்ல பதிவு. ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு மாற்றுக்கருத்து. முதுமை இரண்டாவது குழந்தைப் பருவம் என்று பெரியவர்களே சொல்கிறார்கள். பாட்டிகளிடம் "தங்கம், நாம மாத்திரை போட்டுக்கலாமா, சமர்த்து" என்று பேசினால் அவர்களுக்கும் சந்தோஷம், வேலையும் நடக்கிறது. அன்பாகப் பேசுவதையும் பாகுபாடு என்றால் எப்படித்தான் பேசுவது?

#16 பயிற்றுநர்

இந்தப் பேச்சைப் பற்றி நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். குரலை உயர்த்தி, இழுத்து, வாக்கியத்தைச் சுருக்கி, 'நீங்கள்' என்பதற்குப் பதில் 'நாம' போட்டுப் பேசுவது. மறதி நோய் உள்ளவர்களை நர்சிங் ஹோமில் வைத்து கிறிஸ்டீன் வில்லியம்ஸும் அவர் குழுவினரும் வீடியோ எடுத்துப் பார்த்தார்கள், 2009-ல் வெளியான ஆய்வு. பணியாளர்கள் இப்படிப் பேசிய நேரங்களில் அவர்கள் கையைத் தட்டிவிடுவதும் முகத்தைத் திருப்புவதும் கூடுதலாக இருந்தது, சாதாரணமாகப் பேசியபோது குறைவாக இருந்தது. வேலை நடக்கிறது என்கிறீர்கள், அங்கே பார்த்தது நேர் எதிர்.

காது விஷயமும் இருக்கிறது. வயதால் கேட்கும் திறன் குறையும்போது முதலில் போவது உச்ச ஸ்தாயி ஒலிகள். நாம் கீச்சுக்குரலில் கத்தினால் ஏற்கெனவே போன இடத்தில்தான் போய் விழும். குரலைத் தாழ்த்தி, நிதானமாக, முகத்தைக் காட்டிப் பேசுங்கள். காதுக் கருவி மேசை டிராயரில் கிடக்கிறதா, பேட்டரி இருக்கிறதா என்றும் பாருங்கள். அதைப் போட்டுவிட்டால் 'ஒன்றும் புரியாதவர்' என்று எழுதியிருந்த பாதிப்பேர் நம்மிடம் அரசியல் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

இரண்டாவது குழந்தைப் பருவம் என்பதற்கு என் பதில் இது. குழந்தைகளின் வலியைப் பார்த்துக் கணிக்க ஃபிளாக் என்ற அளவுகோல் வைத்திருக்கிறோம். முகம், கால், அசைவு, அழுகை, தேற்ற முடிகிறதா என்று ஐந்து அம்சம், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2. மறதி நோய் முற்றியவர்களுக்கு பெய்னாட் என்று ஒன்று. மூச்சு, முனகல், முகம், உடல்மொழி, தேற்ற முடிகிறதா என்று அதிலும் ஐந்து, அதிலும் 0 முதல் 2. இரண்டும் ஒரே மாதிரி இருப்பது தற்செயல் அல்ல, பெய்னாட்டை உருவாக்கியவர்கள் ஃபிளாக்கிலிருந்தும் எடுத்துக்கொண்டார்கள். மாணவர்கள் இதைப் பார்த்ததும் "பார்த்தீர்களா மேடம், குழந்தைதானே" என்பார்கள். இரண்டு பேருக்கும் சொல் இல்லாததால் கருவி ஒத்துப்போகிறது, அந்த ஓர் இடத்தில் மட்டும். எண்பது வருஷம் வாழ்ந்து, வீட்டை நடத்தி, பத்துப் பேருக்கு உத்தரவு போட்டவரைக் குளிப்பாட்டும்போது கதவைச் சாத்த வேண்டுமா என்று அந்த அளவுகோல் சொல்லாது.

#17 மென்பேச்சு

அப்படியானால் பாட்டி என்றே கூப்பிடக் கூடாதா?

#18 பயிற்றுநர்

கூப்பிடலாமே. எப்படிக் கூப்பிட வேண்டும் என்று முதல் நாள் அவரையே கேளுங்கள். சிலருக்குப் 'பாட்டி' பிடிக்கும், சிலருக்கு 'டீச்சர்' என்றால்தான் திரும்பிப் பார்ப்பார்கள். கேஸ் ஷீட்டின் மேலேயே அதை எழுதி வையுங்கள், அடுத்த ஷிஃப்டுக்கும் உதவும்.

#19 ஐசியூ_ஆந்தை

நான் மேலே வேலைச்சுமை என்று சொன்னதிலிருந்து பின்வாங்கவில்லை. ஆனால் சுமையால் வராத ஒரு தப்பும் இருக்கிறது. அது 'வயசாகிடுச்சு' என்ற ஒரு சொல்லில் எல்லாவற்றையும் முடித்துவிடுவது.

வயதான ஒருவர் பகலெல்லாம் தூங்குகிறார், கூப்பிட்டால் கண்ணைத் திறந்து மூடுகிறார், சாப்பாடு வேண்டாம் என்கிறார். மாணவி வந்து "சமர்த்தா தூங்குறார் சிஸ்டர்" என்று ரிப்போர்ட் சொல்வாள். டெலிரியம் (நோயால் திடீரென வரும் மனக்குழப்பம்) என்றால் கத்துவார்கள், டியூபைப் பிடுங்குவார்கள் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். அடங்கிக் கிடக்கும் வகையும் உண்டு, தவறவிடுவது அதிகமும் அதைத்தான். பின்னால் ஒரு தொற்றோ, புதிதாக ஆரம்பித்த மாத்திரையோ, சிறுநீர் தேங்கியதோ, தண்ணீர் போதாததோ இருக்கும். நேற்று எப்படி இருந்தார் என்று வீட்டாரைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

காய்ச்சலும் அப்படித்தான். இவர்களுக்கு நிமோனியா வந்தாலும் வெப்பம் பெரிதாக ஏறாமல் போகலாம். பராமரிப்பு இல்லங்களில் இருக்கும் முதியவர்களுக்கு வாயில் வைத்துப் பார்த்து 37.8 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலோ, அவரவர் வழக்கமான அளவை விட 1.1 டிகிரி ஏறினாலோ காய்ச்சலாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமல் மூச்சிரைப்பாகவோ வெறும் களைப்பாகவோ வரலாம். முதியவர் பராமரிப்பில் 'கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை, பெட் பாத் (படுக்கையிலேயே உடம்பைத் துடைத்துவிடுவது) மட்டும்தான்' என்று சொல்கிறவர்களை ஒரு வாரம் என் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள்.

#20 பயிற்றுநர்

அந்த எண்ணத்துக்கு எங்கள் பாடத்திட்டமும் ஒரு காரணம். முதலாண்டில் கட்டில் விரிக்க, பெட் பாத் கொடுக்க, வாய் சுத்தம் செய்யக் கற்றுக்கொடுப்பது வயதான நோயாளிகளை வைத்து. வென்டிலேட்டரும் பிரசவமும் குழந்தைகளும் பிந்தைய ஆண்டுகளில். மாணவர் மனத்தில் தானாகவே ஓர் ஏணி உருவாகிவிடுகிறது, கீழ்ப்படியில் முதியவர், மேலே போகப் போகக் கருவிகள். ஆஸ்திரேலியாவில் 1990-களில் மாணவர்களைக் கேட்டபோது, படிப்பு முடிந்து எங்கே வேலை செய்ய ஆசை என்ற பட்டியலில் முதியோர் பராமரிப்பு அடிமட்டத்தில் இருந்தது. படித்து முடிக்கும்போதும் அது ஏறவில்லை. அப்போது நாங்கள் என்னதான் சொல்லிக்கொடுத்தோம் என்று ஆசிரியர்கள்தான் யோசிக்க வேண்டும்.

#21 லாக்புக்_வீரன்

மேடம், எங்கள் ஸ்கில் லேபில் முதுமை உடை என்று ஒன்றைப் போட்டுவிட்டார்கள். மூட்டு மடங்காது, கண்ணாடி மங்கல், காதில் அடைப்பு, கையில் தடித்த உறை. மாத்திரை அட்டையைப் பிரிக்கவே முடியவில்லை. நல்ல அனுபவம்தான். ஆனால் வெளியே வந்ததும் எல்லாரும் சொன்னது, "ஐயோ, எனக்கு வயசே ஆகக் கூடாது."

#22 குட்டிசிஸ்டர்

அதுதான் அந்த உடையின் குறை. இழந்ததை மட்டும் காட்டுகிறது. அனுபவமும் சமாளிக்கும் சாமர்த்தியமும் அதில் தைத்து வராது. நோயில்லாத முதியவர்களை மாணவர்கள் சந்திக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நாம் பார்ப்பவர்கள் எல்லாரும் படுக்கையில் இருப்பவர்கள். அதை வைத்து முதுமையே இப்படித்தான் என்று முடிவுகட்டிவிடுகிறோம். நான் சொன்ன 2021 அறிக்கையில் பரிந்துரைக்கும் மூன்று வழிகளில் இதுவும் ஒன்று, தலைமுறைகள் கலந்து பழகுவது. மற்ற இரண்டும் சட்டமும் கல்வியும்.

இன்னொன்று, பெக்கா லெவி என்பவரின் 2002 ஆய்வு. தன் முதுமையைப் பற்றி நல்லவிதமாக நினைத்தவர்கள் மற்றவர்களை விட 7.5 ஆண்டு கூடுதலாக வாழ்ந்தார்களாம். அப்படியென்றால் நாம் அவர்கள் காதுபட "வயசாச்சுல்ல, அப்படித்தான்" என்று சொல்வது உயிரையே குறைக்கிறது!

#23 ஐசியூ_ஆந்தை

அவ்வளவு தூரம் தாவாதீர்கள் குட்டி. அது அமெரிக்காவில் ஓஹையோவில் ஒரே ஊரைச் சேர்ந்த, 50 வயதைத் தாண்டிய 660 பேரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்த ஆய்வு. உடல்நிலை, வருமானம் எல்லாம் கணக்கில் எடுத்தார்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அவதானிப்பு ஆய்வுதான். நல்லவிதமாக நினைத்ததால் வாழ்ந்தார்களா, உள்ளுக்குள் தெம்பு இருந்ததால் நல்லவிதமாக நினைத்தார்களா என்பதை அதை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. காதுபடச் சொல்லக் கூடாது என்பதற்கு 7.5 ஆண்டு தேவையே இல்லை, மரியாதை போதும்.

#24 நாற்பதில்_நர்சிங்

இவ்வளவு பேசியும் என் வயதுக்காரர்களை ஒருவரும் தொடவில்லை பாருங்கள். நாற்பத்தைந்து, ஐம்பது வயது நோயாளி. குழந்தையும் இல்லை, முதியவரும் இல்லை. மாணவர்களுக்கு இவர்கள் மேல் பாசமும் கிடையாது, பரிதாபமும் கிடையாது, கொஞ்சம் பயம் மட்டும் உண்டு. இந்த மாத்திரை எதற்கு, பக்கவிளைவு என்ன என்று கேள்வி கேட்பார்கள். தானாக எழுந்து போவார்கள், தானாகச் சாப்பிடுவார்கள். அதனால் கேர் பிளானில் 'தன் வேலைகளைத் தானே செய்கிறார்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

அறுவை சிகிச்சைப் பிரிவில் ஒருவர். கையில் எப்போதும் போன். எல்லாரும் அவரைப் பிஸியான ஆள் என்று விட்டுவிட்டார்கள். டிரெஸ்ஸிங் மாற்றும்போது, "இன்னைக்கு யார்கிட்ட இவ்வளவு நேரம் பேசினீங்க?" என்று சும்மாதான் கேட்டேன். வேலை போய்விடுமோ என்று அலுவலகத்தோடு, மருந்து மாற்ற வேண்டும் என்று படுத்திருக்கும் தன் அப்பாவோடு, பரீட்சை என்று மகனோடு என வரிசையாகச் சொன்னார். தனக்கு வந்திருப்பது என்ன நோய் என்று வீட்டில் யாருக்கும் இன்னும் சொல்லவில்லை என்பது கடைசியில்தான் வந்தது. அவருடைய கேர் பிளானில் 'பதற்றம்' என்ற சொல் அன்றைக்குத்தான் ஏறியது.

#25 பொம்மைவார்டு

அக்கா சொன்னது முக்கியம். இங்கே எல்லாரும் சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. குழந்தை என்றால் அம்மாவைக் கேட்கிறோம், பதின்வயது என்றாலும் அம்மாவைக் கேட்கிறோம், முதியவர் என்றால் மகளைக் கேட்கிறோம், நடுவயது என்றால் யாரையுமே கேட்பதில்லை. "அப்பாவுக்கு வலி இருக்காம்மா?" என்று மகளிடம் கேட்கும்போது அந்த அப்பா நம் முகத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பார்.

#26 வெள்ளைக்காலணி

இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன். பிடிக்கும், பிடிக்காது என்று கேட்பதை விட்டுவிட்டு, முதல் கேள்வியை மாணவர் யாரிடம் கேட்கிறார் என்று பார்த்தால் என்ன? நோயாளியிடமா, கூட இருப்பவரிடமா? எல்லா வயதுக்கும் ஒரே கேள்வி பொருந்தும், அளவுகோலில் சொல்லை மாற்றும் வம்பும் இல்லை. கோகன் அளவுகோலைத் தனியாக, முதியவர்களுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறோம். தாளில் சொல்வதும் கட்டிலருகில் செய்வதும் ஒத்துப்போகிறதா என்று ஒப்பிட்டுவிடலாம்.

#27 பயிற்றுநர்

நல்ல யோசனை. செய்வதற்கு முன் சில விஷயம். பார்க்கிறோம் என்று முன்கூட்டியே தெரிந்தால் எல்லாரும் நோயாளியிடமே கேட்பார்கள், சொல்லாமல் பார்த்தால் அது ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவில் நிற்காது. 'நோயாளியோடு உரையாடல்' என்று பொதுவாகச் சொல்லி அனுமதி வாங்கலாமா என்று குழுவிடமே கேளுங்கள், முடிந்த பிறகு முழுசாக விளக்கிவிட வேண்டும். மாணவர் பெயர் எங்கேயும் வரக் கூடாது. பார்ப்பவர் இருவர் இருக்கட்டும், ஒரே காட்சியை இருவரும் தனித்தனியாகக் குறித்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். மயக்கத்தில் இருப்பவர், பேச்சு வராத சிசு இவர்களையெல்லாம் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கணக்கு குழம்பும்.

#28 ஐசியூ_ஆந்தை

அந்த ஷிஃப்டில் எத்தனை நோயாளிக்கு எத்தனை நர்ஸ் என்பதையும் ஒரு கட்டத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நான் சொன்னது பொய்யா மெய்யா என்று எனக்கும் தெரிய வேண்டும்.

#29 லாக்புக்_வீரன்

அன்றைக்கு அந்தக் கட்டிலில் ஏதாவது புரொசீஜர் இருந்ததா என்று இன்னொரு கட்டம்.

#30 வெள்ளைக்காலணி

இரண்டும் சேர்த்தாயிற்று. அனுமதிக் கடிதம் திங்கட்கிழமை கொடுக்கிறோம். மேடம், அந்த 'பொதுவாகச் சொல்லி' என்ற பகுதியை எப்படி எழுதுவது என்று தனிச்செய்தியில் கேட்கிறேன்.

#31 கடைசிபெஞ்ச்

பண்டமாற்றையும் ஒரு கட்டத்தில் எண்ணுங்கள். எங்கள் பேட்ச்சில் வந்து பார்த்தால் காகிதம் போதாது.